வயசானால் அப்படித்தானா?

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு திண்ணையில் சேர்ந்தால் முன்பெல்லாம் பேச்சு பென்ஷன், பஞ்சப்படி, பேரன் பேத்தி படிப்பு என்று போகும். இப்போது அந்த வரிசையில் ஸ்கேன் ரிப்போர்ட்டும் சேர்ந்துவிட்டது. தலைசுற்றல் என்று போனால் ஒரு எம்.ஆர்.ஐ., தடுக்கி விழுந்தால் ஒரு எம்.ஆர்.ஐ., ‘அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லை’ என்று மகள் கூட்டிப்போனால் ஒரு எம்.ஆர்.ஐ. பெரிய உறையில் படங்களோடு வரும் அந்த ரிப்போர்ட்டில் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி இருக்கும். மூளையின் வெண்பொருளில் வயதுக்கேற்ற மாற்றங்கள் தெரிகின்றன என்பது அதன் சாரம். இது என்ன என்று கேட்டால், “வயசானா எல்லாருக்கும் இருக்கிறதுதான் சார், கவலைப்படாதீங்க” என்று பதில் வரும். நாமும் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடுவோம்.

அந்த வரி பொய் இல்லை. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இந்த மாற்றம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நம் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் இடுப்புச் சுற்றளவிலும் இருக்கிறது. வயதைத் திருப்ப யாராலும் முடியாது. மற்ற மூன்றில் நம் கை கொஞ்சம் எட்டும். எட்டுகிற இடத்தையும் சேர்த்து ‘வயசு’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் டாக்டர் இல்லை. தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் கேபிளோடு வாழ்ந்தவன். ஓய்வுக்குப் பிறகு இதைப்பற்றிக் கொஞ்சம் படித்தேன். படித்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வெண்பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். மூளையை வெட்டிப் பார்த்தால் மேல் ஓரம் சாம்பல் நிறமாகவும் உள்பகுதி வெள்ளையாகவும் இருக்கும். யோசிக்கிற, கணக்குப் போடுகிற நரம்புசெல்கள் பெரும்பாலும் சாம்பல் பகுதியில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள் உள்ளே கட்டுக்கட்டாக ஓடுகின்றன. அதுதான் வெண்பொருள். டெலிபோன் பாஷையில் சொன்னால் சாம்பல்பொருள் எக்ஸ்சேஞ்ச், வெண்பொருள் கேபிள். பெரிய மூளையின் கனஅளவில் ஏறக்குறையப் பாதி இந்தக் கேபிள்தான்.

வெள்ளை நிறம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு இழையின் மேலும் கொழுப்பாலான ஓர் உறை சுற்றியிருக்கிறது. அதற்கு மையலின் என்று பெயர். 1854இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்த பெயர். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மையலினில் சுமார் முக்கால் பங்கு கொழுப்புதான். செம்புக் கம்பிக்கு மேல் நாம் பாலிதீன் உறை போடுகிற மாதிரி இயற்கை கொழுப்பு உறை போட்டிருக்கிறது. உறை இல்லாத மெல்லிய இழையில் செய்தி விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து போகும். நாம் காலை நடை போகிற வேகம். நல்ல உறை போட்ட பருத்த இழையில் விநாடிக்கு நூறு மீட்டரையும் தாண்டும். மணிக்கு 360 கிலோமீட்டர். சிந்தனையின் வேகம் என்று நாம் சொல்கிறோமே, அது பெரிய அளவில் இந்த உறையின் நலத்தைப் பொறுத்தது.

இந்தக் கேபிளின் மொத்த நீளத்தை டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2003இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். இருபது வயது ஆண் மூளையில் உறை போட்ட இழைகளை எல்லாம் நீட்டி வைத்தால் சுமார் 1,76,000 கிலோமீட்டர். பெண் மூளையில் 1,49,000. பூமியை நாலு சுற்றுக்கு மேல் சுற்றலாம். அதே ஆய்வின்படி, எண்பது வயதில் இதில் 45 சதவீதம் குறைந்துவிடுகிறது. பத்து வருஷத்துக்குச் சுமார் பத்து சதவீதம். படிக்கும்போது எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்தால், பாதிக் கேபிள் போன பிறகும் எண்பது வயதில் வெண்பா எழுதுகிறவர்களும் வழக்கு நடத்துகிறவர்களும் இருக்கிறார்களே, அதுவல்லவா ஆச்சரியம்! இருக்கிற பாதி நல்ல நிலையில் இருந்தால் போதும் என்று தோன்றியது. கேள்வி அந்தப் பாதியைப் பற்றியதுதான்.

ஸ்கேனில் இந்தக் கோளாறு வெள்ளைப் புள்ளிகளாக, சிலருக்குத் திட்டுத்திட்டாகத் தெரியும். இது இன்று நேற்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1894இலேயே ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவர், ரத்தக்குழாய்கள் தடித்துப்போனவர்களின் மூளையில் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி நலிவதைப் பற்றி எழுதினார். ஸ்கேன் மெஷின்கள் வந்த பிறகு 1987இல் கனடாவின் விளாடிமிர் ஹச்சின்ஸ்கி குழுவினர் இதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். அதே வருஷம் ஆஸ்திரியாவின் ஃபசேகாஸ், இதை அளக்க 0 முதல் 3 வரை ஓர் அளவுகோல் கொடுத்தார். உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஃபசேகாஸ் 1’ என்றோ ‘2’ என்றோ இருந்தால் அது இதுதான். 1 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். 3 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்துவிட்டன என்று பொருள். ‘எல்லாருக்கும் இருக்கிறதுதான்’ என்ற பதில் 1க்குப் பொருந்தும். 3க்கும் அதே பதிலைச் சொன்னால் நாம் மறுபடி கேட்க வேண்டும்.

ஏன் வெண்பொருள் முதலில் அடிபடுகிறது? இதைத் தஞ்சைப் பக்கத்து ஆட்களுக்குப் புரியவைப்பது சுலபம். ஒரே வார்த்தை: கடைமடை.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைப் பக்கத்து வயலுக்கு முதலில் வரும். வேதாரண்யம் பக்கத்து வயலுக்குக் கடைசியில் வரும், சில வருஷம் வராமலே போகும். தலைமடையில் வாய்க்கால் கொஞ்சம் தூர்ந்தால் யாருக்கும் தெரியாது. அதே தூர் கடைமடையில் பயிரைக் காயவைக்கும். மூளை நம் உடல் எடையில் இரண்டு சதவீதம்தான். ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைக் குடிக்கிறது. அந்த ரத்தம் மேல்பரப்பில் இருக்கும் பெரிய குழாய்களிலிருந்து மெல்லிய கிளைகளாகப் பிரிந்து, நீளமாக உள்ளே இறங்கி ஆழத்திலிருக்கும் வெண்பொருளுக்குப் போகிறது. இந்தக் கிளைகளுக்குள் ஒன்றுக்கொன்று இணைப்பு மிகவும் குறைவு. ஒன்று அடைத்தால் பக்கத்து வாய்க்காலிலிருந்து திருப்பிவிட வழியில்லை. மூளையின் கடைமடை அது.

இப்போது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொண்டுவந்து இதில் வையுங்கள். வருஷக்கணக்காக அழுத்தம் கூடுதலாக இருந்தால் அந்த மெல்லிய குழாய்களின் சுவர் தடித்து, விறைத்து, உள்வழி குறுகுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் குழாயின் உட்பூச்சு கெடுகிறது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் காவல் தளர்ந்து, உள்ளே வரக்கூடாத பொருள்கள் கசிகின்றன. தொப்பைக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது, இன்சுலின் சொல்லுவதை உடம்பு கேட்காமல் செய்கிறது. மையலின் உறையைப் போட்டுப் பராமரிக்கும் செல்கள் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் பல இழைகளுக்கு உறை போடுகிறவை. அவை ஆக்சிஜன் பற்றாக்குறையைக் கொஞ்சமும் தாங்காதவை. ஒரு செல் போனால் பல லைனில் உறை போகும்.

எங்கள் காலத்தில் காகித உறை போட்ட ஈயக் கேபிள்கள் பூமிக்கடியில் இருந்தன. ஐப்பசி மழையில் எங்காவது ஒரு ஜாயின்ட்டில் ஈரம் இறங்கிவிட்டால் லைன் உடனே சாகாது. முதலில் கரகரக்கும். பிறகு பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்கும். ‘எக்ஸ்சேஞ்சில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று உள்ளே இருப்பவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் நிஜம். கோளாறு நடுவழியில். வெண்பொருள் நலிந்தவர்களின் நிலைமையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது.

எப்படி என்றால், இவர்களுக்குப் பழைய ஞாபகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 1971 தேர்தல் பேசுவார்கள், மருமகளின் ஊர்ப்பெயர் மறக்காது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு தாமதம். கேள்விக்குப் பதில் வர நேரமாகும். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடியாது. நடந்துகொண்டே பேசச் சொன்னால் நின்றுவிட்டுப் பேசுவார்கள். ஒரு காரியத்தைத் தொடங்கத் தயக்கம். நடை சிறுத்து, பாதம் தரையை உரசும். திரும்பும்போது தடுமாறும். சிறுநீர் வந்தால் அடக்க முடியாது. முகத்தில் உற்சாகம் குறையும். இவற்றில் எதையும் வீட்டில் மூளையின் கணக்கில் எழுதுவதில்லை.

என் நண்பர் ஒருவர், பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். இருபது வருஷமாகச் சர்க்கரை, பத்து வருஷமாக பி.பி. உண்டு. ஏ.டி.எம். மெஷின் முன்னால் அவர் நின்றால் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். வீட்டில் மின்கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருப்பார். “மாமா முன்ன மாதிரி இல்ல, எல்லாத்துக்கும் அடம்” என்று மருமகள் சொல்வாள். “சோம்பேறித்தனம்மா, ரிட்டயர் ஆனா இப்படித்தான்” என்பான் மகன். ஒரு தடவை குளியலறையில் விழுந்தபோது எடுத்த ஸ்கேனில்தான் படர்ந்த திட்டுகள் தெரிந்தன. அதற்கு முந்தின மூன்று வருஷம் அவர் கேட்ட பேச்சுகளை யார் திரும்ப எடுப்பது? மகனையும் மருமகளையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சர்க்கரை என்றால் கால், கண், கிட்னி என்று நமக்குப் பாடமாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் மூளையை யாரும் சேர்க்கவில்லை.

இது வெறும் தாமதத்தோடு நிற்கிற சமாசாரமும் அல்ல. ஐரோப்பாவில் 65 முதல் 84 வயதுவரை, அன்றாட வேலைகளைத் தாமே பார்த்துக்கொண்டிருந்த 639 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வெண்பொருள் மாற்றம் லேசாக இருந்தவர்களில் வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் பேர் பிறர் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். கடுமையாக இருந்தவர்களில் அது 29 சதவீதத்துக்கு மேல். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எனக்குத் தெரிந்து நம்மில் யாரும் சாவுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. படுக்கையில் விழுந்து பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பதுதான் எல்லார் வேண்டுதலும். அந்த வேண்டுதலுக்கும் இந்த வெள்ளைத் திட்டுகளுக்கும் நேர்த்தொடர்பு இருக்கிறது.

நம் நாட்டு நிலைமையைப் பாருங்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்த அழுத்தம். சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வு இது. ‘நான் ஒல்லிதானே’ என்று யாரும் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2004இல் புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே மருத்துவ இதழில் போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றே. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21 சதவீதம். நம் உடல்வாகு அப்படி. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தனிக் கட்சி. அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். டெய்லர் கடை டேப் ஒன்று போதும், இதற்கு ஸ்கேன் வேண்டாம்.

சரி, கையில் எட்டும் என்று சொன்னாயே, ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது.

அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், பி.பி. உள்ளவர்கள். ஒரு பாதிக்கு மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தார்கள், மறு பாதிக்கு 120க்குக் கீழே. மூளை பற்றிய முடிவுகள் 2019இல் வந்தன. இறுக்கமாக வைத்தவர்களில் ஆரம்பநிலை அறிவுத்திறன் குறைவு சுமார் 19 சதவீதம் குறைந்தது. அவர்களில் சிலரை நாலு வருஷ இடைவெளியில் இருமுறை ஸ்கேன் எடுத்தார்கள். வெள்ளைத் திட்டுகள் சாதாரணக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு 1.45 கன சென்டிமீட்டர் கூடின. இறுக்கமாக இருந்தவர்களுக்கு 0.92 தான். இரண்டு பேருக்கும் வயது ஒன்றாகத்தான் ஏறியது. வயது மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வந்திருக்கும்?

இதில் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். திட்டுகள் மறையவில்லை, வளரும் வேகம்தான் குறைந்தது. முழு டிமென்ஷியா குறைந்ததா என்பதில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும் அது உறுதியான முடிவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அப்புறம், அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. ஆகையால் 120 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்களுக்கு எந்த எண் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். எண் ஒன்று உண்டு, அதை மாதாமாதம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நம் பொறுப்பு.

பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை 1,260 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு உணவுமுறை, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பி.பி. சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருஷம் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. அவர்களுடைய சிந்தனைத் தேர்வு மதிப்பெண், வெறும் ஆலோசனை பெற்றவர்களைவிட நன்றாக இருந்தது. அறுபதுக்கு மேல் தொடங்கினாலும் பலன் உண்டு என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. லான்செட் குழு 2024இல் பதினாலு காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. அதில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடல்பருமன் நான்கும் இருக்கின்றன. காது கேளாமையும் இருக்கிறது. காது மெஷின் போட வெட்கப்படும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இனி மறுபக்கம். ‘அப்படியென்றால் சர்க்கரையை அடித்து நொறுக்கிவிடுகிறேன்’ என்று கிளம்பும் ஒரு வகையினர் நம்மிடையே உண்டு. காலையில் 90 வந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு 2008ஆம் வருஷத்துக் கதை ஒன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு மூன்று மாதச் சராசரியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். சிந்தனைத் தேர்வுகளிலும் அவர்கள் மற்றவர்களைவிட மேலாக வரவில்லை. சர்க்கரை திடீரென்று இறங்குவது மூளைக்கு ஏறுவதைவிடப் பெரிய ஆபத்து. பி.பி.யும் அப்படித்தான். கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டுகிற அளவுக்கு மாத்திரை போட்டால், மூளையைக் காப்பாற்றப் போய் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வோம். வாய்க்காலில் வெள்ளம் வந்தாலும் நாசம், வறண்டாலும் நாசம். கடைமடைக்கு வேண்டியது நிதானமான ஓட்டம்.

எல்லாரும் போய் மூளை ஸ்கேன் எடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு அது பணச்செலவும் மனச்செலவும்தான். திட்டு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றே. ஞாபகசக்தி டானிக், மூளைக்குப் பொடி என்று தொலைக்காட்சியில் விற்கிறார்களே, அந்தப் பாட்டிலில் போடுகிற காசை ஒரு நல்ல செருப்பு வாங்கி நடப்பதில் போடலாம்.

ஒரு சத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தால் மையலின் உறை நேரடியாகக் கெடும். கால் எரிச்சல், தள்ளாட்டம், மறதி எல்லாம் வரும். சர்க்கரைக்கு நம்மில் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷத்தில் பி12ஐக் குறைக்கக்கூடியது. சைவ உணவுக்காரர்களுக்கு ஏற்கெனவே வரவு குறைவு. இரண்டும் சேர்ந்தவர்கள் ஒரு தடவை ரத்தத்தில் பி12 பார்த்துவிடுவது நல்லது. குறைவு என்றால் மருந்து இருக்கிறது. இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

நம் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். மாத்திரையோடு வருகிற அந்தப் பெண், ‘தாத்தா, நாலு மீட்டர் நடந்து காட்டுங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கைப்பேசியில் விநாடி பார்த்துக் குறித்துக்கொண்டால், போன வருஷத்தைவிட இந்த வருஷம் நடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிக்குக் கால் பார்க்கிறார்கள், கண் பார்க்க அனுப்புகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை சிந்தனை வேகத்தையும் நடையையும் பார்ப்பதை அந்த அட்டையில் இன்னொரு கட்டமாகச் சேர்க்க வேண்டும். அறுபதைத் தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. 88 லட்சம் பேர். இவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களின் எண்ணிக்கையை யாரும் எண்ணவில்லை.

டாக்டர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. கூட்டம் அதிகம், நேரம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘வயசானா அப்படித்தான்’ என்ற வாக்கியத்தோடு இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘உங்க பி.பி.யும் சுகரும் இதுல பங்காளி, அதைப் பிடிங்க.’ பத்து விநாடி ஆகாது. கேட்டுக்கொண்டு போகிற கிழவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். காலுக்காகப் போடாதவர்கூட மூளைக்காகப் போடுவார். யாருக்கும் தன் புத்தி மேல் ஆசை அதிகம்.

பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். அப்பா பதில் சொல்லத் தாமதமானால் உடனே நீங்கள் பதிலை எடுத்துக்கொடுக்காதீர்கள். ஒரு விநாடி காத்திருங்கள், வரும். ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லாதீர்கள். குளியலறையில் ஒரு கைப்பிடி அடித்துக்கொடுங்கள். நடை மாறினால், அதட்டுவதற்குமுன் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

நமக்கோ, புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இந்தியர்களின் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுப்பொருளிலிருந்து வருகிறது. டெல்டாக்காரனைச் சோற்றை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், கீரை, மீன் என்று வைக்கலாம். சாப்பிட்டவுடன் சாயாமல் தெருக்கோடிவரை போய் வரலாம். புகையை விட வேண்டும், பேரம் கிடையாது. குறட்டை சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ராத்திரித் தூக்கத்தில் மூச்சு அறுபடுவதற்கும் இந்தத் திட்டுகளுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. புதிதாக ஏதாவது கற்றுக்கொள்வதும் நல்லது. ஆக்ஸ்ஃபோர்டில் 2009இல் இளைஞர்களுக்கு ஆறு வாரம் பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையைக் கற்பித்துப் பார்த்ததில், அவர்களின் வெண்பொருளில் மாற்றம் தெரிந்தது. நம் வயதில் அதே அளவு கிடைக்குமா என்பது வேறு. கேபிள் பயன்பாட்டில் இருந்தால்தான் பராமரிப்பும் நடக்கும் என்பது என் தொழில் அனுபவம்.

ஐம்பதில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரை நம்மைவிட அதிகம் பொருந்தும். வெள்ளைத் திட்டு எழுபதில் தெரிந்தாலும் அதற்கான வேலை நாற்பதிலும் ஐம்பதிலும் நடந்திருக்கும். அவர்களிடம் ‘சுகர் பார்த்தியா, பி.பி. பார்த்தியா’ என்று கேளுங்கள். நச்சரிப்பு என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். வயது தன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் போகிறது. அதன் பங்குக்கு மேல் ஒரு சல்லிக்காசும் போகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.